கோடியினும் பெரிது

2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கௌன் பனேகா குரோர்பதி’ வினாடி வினா, 2005இல் புத்துயிர் பெற்றபோது பரிசு ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடியாயிற்று. 2013இல் ஏழு கோடியாயிற்று. எனினும் தொகை உயர்ந்ததனால் மட்டும் சுவை உயர்ந்துவிடவில்லை. 2007இல் ஷாருக் கான் நடத்தியபோதும் பரிசு இரண்டு கோடியே. ஆயினும் 2010இல் அமிதாப் பச்சனே திரும்பினார்.

காரணம் யாது? எதிரே அமர்பவர் குமாஸ்தாவாயினும் குடியானவராயினும் ‘ஆப்’ என்று மரியாதையுடன் விளித்து, பொறுமையாகச் செவிசாய்க்கும் அவரது பண்பே. சோகக் கதைகள் நீண்டு வினாக்கள் சுருங்கும் நாட்களிலோ நிகழ்ச்சி தளர்கிறது.

ஐயமுற்றவர் விலகி, வென்ற தொகையுடன் செல்லலாம் என்னும் விதியே இதன் உயிர். கூடத்தில் அமர்ந்து விடை கூவும் நம் குழந்தைகளுக்குக் கோடி கிட்டாது. ‘தெரியாது’ என நாணாமல் ஒப்பும் நேர்மை கிட்டினால், அதுவே பெரும்பரிசு அன்றோ!