செயலியின் வேகமும் தில்லியின் வெயிலும்

தெற்குத் தில்லியில் உள்ள நேரு பிளேஸ், கணினி உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், மின்விசிறி எனத் தனித்தனியே வாங்கிச் சென்று தம் மேசைக் கணினியைத் தாமே பொருத்திக்கொள்ளும் இளைஞரை அங்குக் காணலாம். விலை கூடிய செயலியை வாங்காமல், குறைந்த விலைச் செயலியையே சற்று விரைவாக இயக்க இயலுமா என்பது அவர்களுக்கு இயல்பாக எழும் வினா. இயலும். இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். ஆனால் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குத் தில்லியில் சனவரி மாதம் ஒரு விடையும் சூன் மாதம் வேறொரு விடையும் உண்டு.

செயலியின் ஒவ்வொரு பணியும் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடைபெறுகிறது. இக்காலக் கணினிகளில் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் நொடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அதனைப் பெருக்கி எனப்படும் ஓர் எண்ணால் பெருக்கக் கிடைப்பதே செயலியின் வேகம். பெருக்கி 40 எனில் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். அதனை 42 ஆக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் இவ்வெண்ணை மாற்றலாம். எல்லாச் செயலிகளும் இதற்கு இடம் தருவதில்லை. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் ‘கே’ என்னும் எழுத்து உள்ளவையும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வகையில் பெரும்பாலானவையும் இடம் தருகின்றன. தாய்ப்பலகையும் அதற்கேற்றதாக இருத்தல் வேண்டும்.

குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேலும் ஒரு செயலி ஓடுவது எவ்வாறு? ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டப்படும் செயலிகள்கூட ஒரே திறன் உடையன அல்ல. அவற்றுள் திறன் குறைந்ததும், வெப்பம் மிகுந்த அறையிலும், பிழையின்றி இயங்க வேண்டும் என்று கருதியே நிறுவனம் வேகத்தைக் குறிக்கிறது. ஆகவே பல செயலிகளில் சிறிது திறன் எஞ்சியிருக்கும். 1998-இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. 300 மெகாஹெர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்ட அச்செயலியில் பெருக்கி 4.5, அடிப்படைத் துடிப்பு 66. அத்துடிப்பை 100 ஆக உயர்த்தியதும் அதன் வேகம் 450 ஆயிற்று. ஒன்றரை மடங்கு வேகத்தை அவ்வளவு எளிதாகப் பெறும் காலம் இன்று இல்லை. இன்றைய செயலிகள் தேவைப்படும்போது தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. பயனர் கூட்டுவதற்கு எஞ்சுவது சிறிதே.

அந்தச் சிறிதளவுக்கும் விலை உண்டு. அவ்விலை வெப்பம். செயலியில் தோன்றும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயரும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டி, அதனைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்டினால், 1.1 × 1.1 × 1.1 = 1.331. பெற்ற வேகம் பத்து விழுக்காடு. ஏற்ற வெப்பமோ முப்பத்து மூன்று விழுக்காடு.

இனித் தில்லிக்கு வருவோம். வெப்ப உறிஞ்சியும் மின்விசிறியும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறது என்பதையே அவை குறைக்கின்றன. எடுத்துக்காட்டாக, முழுப் பளுவில் ஒரு செயலி அறையைவிட 50 டிகிரி செல்சியஸ் மேலே நிற்பதாகக் கொள்வோம். சனவரியில் அறை 15 டிகிரி எனில் செயலி 65 டிகிரி. சூன் மாதத்தில், குளிர்சாதனம் இல்லாத அறை 40 டிகிரி எனில் அதே செயலி 90 டிகிரி. மேற்கூறியவாறு வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், 50 என்பது ஏறத்தாழ 67 ஆகும். சனவரியில் அது 82 டிகிரி, கவலை இல்லை. சூனிலோ 107 டிகிரி! பெரும்பாலான செயலிகள் 95 முதல் 100 டிகிரியை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் வேண்டிச் செய்த முயற்சி வேகத்தைக் குறைப்பதில் முடிகிறது. எஞ்சிய திறன் என்று மேலே கூறப்பட்டதில் பெரும்பங்கைத் தில்லியின் கோடை முன்னரே எடுத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

ஆதலால் மிதமாகச் செய்ய விரும்புவோர் முதலில் எதையும் மாற்றாமல், முழுப் பளுவில் செயலியின் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்வர். பின்னர் மின்னழுத்தத்தைத் தொடாமல் பெருக்கியை மட்டும் ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் சோதிப்பர். இச்சோதனைக்குப் பலரும் பயன்படுத்தும் பிரைம்95 என்னும் மென்பொருள், உண்மையில் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. சரியான விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து ஒப்பிடுவதால், கணினி நின்றுபோகாமல் கமுக்கமாகச் செய்யும் பிழையையும் அது காட்டிக்கொடுத்துவிடும். சில மணி நேரம் பிழையின்றி ஓடினால் அந்நிலை ஏற்கத்தக்கது. பிழை தோன்றினால் ஒரு படி இறங்கி நின்றுவிடுவதே நல்லது. குளிர்காலத்தில் சோதித்தவர், கோடைக்காக இன்னும் ஓர் 25 டிகிரியை மனக்கணக்கில் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

மின்னழுத்தத்தைக் கூட்டுவதில் ஏன் இத்தனை தயக்கம்? மிகுந்த வெப்பத்தில் செயலி தானே வேகத்தைக் குறைத்தோ நின்றோ தப்பித்துக்கொள்கிறது. மிகுந்த மின்னழுத்தமோ ஓசையின்றி அதன் ஆயுளைக் குறைக்கிறது. 2024-இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, பயனர் எதையும் உயர்த்தாத நிலையிலும் தடுமாறின. அளவு மீறிய மின்னழுத்தமே காரணம் என அறிந்த அந்நிறுவனம் நுண்நிரலைத் திருத்தி வெளியிட்டதுடன், அச்செயலிகளின் உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பயனர் தாமே வேகத்தைக் கூட்டிக் கெடுத்த செயலிக்கு அத்தகைய உத்தரவாதத்தை எதிர்பார்க்க இயலாது.

தில்லிக்கே உரிய தொல்லைகள் வேறும் உள. மே, சூன் மாதங்களில் வீசும் புழுதிக்காற்று வெப்ப உறிஞ்சியின் தகடுகளுக்கிடையே படிந்து காற்றின் வழியை அடைக்கிறது. புழுதிக்காற்று ஓய்ந்த பின், கணினியின் மின்னிணைப்பைத் துண்டித்து மென்மையான தூரிகையால் துடைத்தாலே வெப்பநிலை சில டிகிரி இறங்குவதுண்டு. வீடுகளில் வைக்கும் தண்ணீர்க் கூலர் அறையைக் குளிர்விக்கும். எனினும் அதன் ஈரக்காற்று நேரே கணினிமீது படுமாறு வைத்தல் கூடாது.

கோடையில் எதிர்த்திசையில் செல்வோரும் உண்டு. வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தை மட்டும் ஐந்து விழுக்காடு குறைத்தால் 0.95 × 0.95, அதாவது வெப்பம் ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறையும். இதற்கும் அதே சோதனை வேண்டும். பல தாய்ப்பலகைகளில் அமைப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமித்து வைக்கலாம். ஒன்றைக் குளிர்காலத்துக்கும் மற்றொன்றைக் கோடைக்கும் சேமித்துக்கொண்டால், ஏப்ரலில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் மாற்றினால் போதும்.