பாசறையில் நகையும் ஆணையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையை அடையுமுன் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரர்களை வென்றபோது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அம்மன்னரிடமே ஊழியம் ஏற்றுத் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை, இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இக்கோட்டைக்குள்ளேயே காணப்படுகிறது. நேற்றுவரை பகைவராயிருந்த ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஒரு நாட்டின் வீரர்கள் ஒன்றாகத் திரும்பவும் ஒன்றாக நிற்கவும் பழகினார்கள் என்றால், அதுவே படைப்பயிற்சியின் இயல்பு. ஆணை வந்தபின் ஆராய்ச்சி இல்லை.

ஆயினும் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசிப் பார்த்தால் வேறொரு செய்தி புலனாகும். அவர் பனிமலையைப் பற்றியோ காயங்களைப் பற்றியோ அதிகம் பேசமாட்டார். சமையற்கூடத்தில் நடந்த வேடிக்கையையும், இந்தி தெரியாமல் தாம் பட்ட பாட்டையும், இரவுக் காவலில் எருமையைக் கண்டு பதறியதையும் சொல்லிச் சிரிப்பார். உயிரைப் பணயம் வைக்கும் தொழிலில் இருப்போருக்கு நகைச்சுவை உணவைப் போலத் தேவைப்படுகிறது. கண்டிப்பும் சிரிப்பும் ஒரே கூடாரத்தில் எவ்வாறு குடியிருக்கின்றன, அவற்றுக்கிடையே வேலி எங்கே என்பதை நபிகளார் (ஸல்) அவர்களின் படைப் பயணங்களிலிருந்து அறிய முயல்வோம்.

மார்க்கம் என்றாலே முகத்தைச் சுளித்துக்கொள்வது என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. இமாம் திர்மிதி (ரஹ்) தமது ‘ஷமாயில்’ நூலில் அண்ணலாரின் நகைச்சுவைக்கெனத் தனிப்பாடமே வகுத்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். படைப்பயிற்சியிலும் அண்ணலார் விளையாட்டை விலக்கவில்லை. அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது, தாம் ஓர் அணியோடு இருப்பதாக அவர்கள் கூறினார்கள். உடனே எதிரணியினர் வில்லைத் தாழ்த்திவிட்டனர். நபியவர்கள் இருக்கும் அணிக்கு எதிராக எப்படி எய்வது? தாம் இரு அணியினரோடும் இருப்பதாகச் சொல்லி அண்ணலார் போட்டியைத் தொடரச் செய்தார்கள். ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு (கி.பி. 630) நிகழ்ந்த தபூக் பயணம் கடுங்கோடையில் நிகழ்ந்தது. வாகனமும் உணவும் பற்றாமல் சென்ற அப்படையை ‘ஜைஷுல் உஸ்ரா’, அதாவது துன்பப் படை என்றே வரலாறு அழைக்கிறது. அங்கே அண்ணலார் ஒரு சிறு தோல் கூடாரத்தில் தங்கியிருந்தார்கள். அவ்ஃப் பின் மாலிக் (ரலி) வாயிலில் நின்று ஸலாம் உரைத்தார். உள்ளே வருமாறு பணிக்கப்பட்டதும், தம் உடல் முழுவதையும் கொண்டுவரலாமா என்று கேட்டார். முழுவதையும் கொண்டுவருமாறே அண்ணலார் விடையளித்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில், கூடாரம் அத்துணைச் சிறியதாக இருந்ததே இக்கேள்விக்குக் காரணம் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்கமும் தருகிறார். படைவீரர் ஒருவர் தம் தலைவரின் கூடாரத்தையே கேலி செய்கிறார். தலைவரும் அதே தொனியில் பதிலிறுக்கிறார். கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் நகைச்சுவை இது. சிரிப்பதும் சிரிக்காததும் மேலிருப்பவரின் விருப்பம், எவருக்கும் அச்சமில்லை.

அதே தபூக் பயணத்தில் வேறொரு சிரிப்பும் எழுந்தது. திருக்குர்ஆனை ஓதும் தோழர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்றும் போரில் கோழைகள் என்றும் நயவஞ்சகர் சிலர் எள்ளி நகையாடினர். விசாரித்தபோது, வழிப்பயணத்தின் அலுப்புத் தீரப் பேசி விளையாடியதாகச் சாக்குச் சொன்னார்கள். அந்தச் சாக்கை ஏற்க மறுத்து ‘அத்தவ்பா’ அத்தியாயத்தின் 65, 66-ஆம் வசனங்கள் இறங்கின. ஒரே வெயில், ஒரே பாதை, இரண்டு சிரிப்புகள்.

வேலி எங்கே என்பதை இன்னும் தெளிவாகக் காட்டுவது அகழ்ப்போர் (ஹிஜ்ரி 5, கி.பி. 627). குளிரிலும் பசியிலும் மண் சுமந்து களைத்த இளைஞர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அகழிலேயே கண்ணயர்ந்துவிட்டார். உமாரா பின் ஹஸ்ம் (ரலி) விளையாட்டாக அவருடைய ஆயுதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். விழித்தவர் ஆயுதத்தைக் காணாது பதறினார். பகைவர் அகழுக்கு அப்பால் நிற்கும் வேளையில் ஆயுதத்தை இழந்தவனின் கலக்கம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ‘அபூ ருகாத்’, தூக்கத்தின் தந்தை, என்று அண்ணலார் அவரைச் செல்லமாக விளித்தார்கள். ஆயுதத்தைத் திருப்பித் தரச் செய்தார்கள். ஒரு முஃமினை அச்சுறுத்துவதையும், அவன் பொருளை விளையாட்டாகவோ வினையாகவோ எடுப்பதையும் தடுத்தார்கள். வாகிதி தரும் இச்செய்தியில் நம்மைக் கவர்வது யாதெனில், கேலியைத் தடுத்த அதே வேளையில் அண்ணலாரும் ஒரு கேலியைச் செய்திருக்கிறார்கள். உமாராவின் விளையாட்டு அச்சத்தைத் தந்தது. அண்ணலாரின் பட்டப்பெயர் அந்த இளைஞரின் அச்சத்தையும் நாணத்தையும் போக்கியது.

ஆயுதத்தைப் பொறுத்தவரை விளையாட்டுக்கே இடமில்லை. உடன்பிறந்தவரை நோக்கியேனும் ஆயுதத்தை நீட்டக்கூடாது என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. இன்று நம் கல்லூரிகளில் என்.சி.சி. மாணவர்க்குத் துப்பாக்கியைக் கையில் தரும்போது சொல்லப்படும் முதற்பாடமும் இதுவே: குண்டு இல்லாவிடினும் எவரையும் நோக்கிப் பிடிக்காதே.

இனி, ஆணையே வேடிக்கையாக வந்தால்? அதே ஹிஜ்ரி 9-இல் அல்கமா பின் முஜஸ்ஸிஸ் (ரலி) தலைமையில் ஒரு படை சென்றது. முன்கூட்டித் திரும்ப விரும்பிய ஒரு பிரிவுக்கு அப்துல்லாஹ் பின் ஹுதாஃபா அஸ்ஸஹ்மீ (ரலி) தலைவராக்கப்பட்டார். இயல்பிலேயே வேடிக்கைப் பிரியர். வழியில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தபோது, தமக்குக் கீழ்ப்படிவது அவர்கள் கடமையல்லவா என்று கேட்டார், ஆம் என்றனர். அப்படியானால் இத்தீயில் குதியுங்கள் என்றார். சிலர் ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தேவிட்டனர்! குதித்துவிடுவார்கள் எனக் கண்டதும் அவர் அவர்களைத் தடுத்து, தாம் விளையாடியதாகக் கூறினார். அப்படையிலிருந்த அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) சொன்னதாக இப்னு மாஜா பதிவு செய்கிறார். செய்தி மதீனாவை எட்டியதும், அல்லாஹ்வுக்கு மாறுசெய்யுமாறு எவர் ஏவினாலும் கீழ்ப்படியலாகாது என அண்ணலார் விதித்தார்கள். புகாரியில் அலீ (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பில் தலைவர் அன்சாரி என்றும், சினத்தால் ஆணையிட்டார் என்றும் உள்ளது. ஸஹ்மீயோ குறைஷியர். ஆகவே இரண்டும் ஒரே நிகழ்ச்சியா என்பதில் விரிவுரையாளர்கள் கருத்து வேறுபடுகின்றனர். நம் கருத்துக்கு இவ்வேறுபாடு தடையன்று.

ஆடையை வரிந்து கட்டியவர்களை நாம் அறிவிலிகள் எனக் கருதிவிடலாகாது. தலைவர் நகைக்கிறாரா, ஆணையிடுகிறாரா என்று கீழிருப்பவன் எவ்வாறு அறிவான்? தவறாகக் கணித்தால் ஒருபுறம் தீ, மறுபுறம் கீழ்ப்படியாத குற்றம். நம் ஃபிக்ஹு நூல்களில் திருமணம், தலாக், தலாக்கிலிருந்து மீளுதல் ஆகியவற்றை விளையாட்டாகச் சொன்னாலும் வினையாகவே கொள்ளப்படும் என்ற விதி உண்டு. மற்றொருவரின் வாழ்வைப் பிணிக்கும் சொல்லை வைத்து விளையாட எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் உட்கருத்து எனில், படைத்தலைவரின் சொல்லையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவது பொருத்தமே. 1950-ஆம் ஆண்டின் இந்திய இராணுவச் சட்டம் 41-ஆம் பிரிவில் கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும்போது, ‘சட்டப்படியான’ ஆணையை மீறுவதையே குற்றமாக்குகிறது. 47-ஆம் பிரிவில் கீழுள்ளவரைக் கொடுமைப்படுத்தும் மேலாளரையும் தண்டனைக்குரியவராக்குகிறது.

புதிதாக வருவோரை மூத்தோர் வேடிக்கை என்ற பெயரில் வதைக்கும் வழக்கம் படைப்பள்ளிகளில் பழையது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் அது முற்றியபோது 1901-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே விசாரித்தது. பின்னாளில் பெருந்தளபதியான மக்ஆர்தர் மாணவராக இருந்து சாட்சியம் அளித்தார். இந்நோய் கல்விக்கூடங்களையும் பற்றியது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்ட ராகிங் தடைச் சட்டம், அச்சத்தையோ வெட்கத்தையோ விளைவிக்கும் குறும்பையும் குற்றமென வரையறுத்தது.

மதரஸாக்கள் இதற்கு விலக்கு என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஒரு விடுதியில் மூத்த மாணவர் சிலர், சேர்ந்து பத்து நாளே ஆகியிருந்த சிறுவனை நள்ளிரவில் எழுப்பி, திருட்டுக் குற்றம் சாட்டிப் போலி விசாரணை நடத்தினர். ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லுமுன் அச்சிறுவன் பெட்டியையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நாம் கேட்டபோது, “விளையாட்டுக்குத்தான் செய்தோம், ஹஜ்ரத்” என்றனர். தபூக் வழியில் சொல்லப்பட்ட அதே சாக்கு. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அபூ ருகாதின் செய்தியை அவர்களுக்கு நடத்தினோம். பெட்டியை அவர்களே சுமந்து சென்று சிறுவனின் வீட்டில் ஒப்படைத்தனர். அவன் திரும்பி வந்தது அடுத்த ஆண்டுதான்.

தீயருகே விளையாடிய அப்துல்லாஹ் பின் ஹுதாஃபாவை இச்சம்பவம் ஒன்றைக் கொண்டு எடைபோடுதல் நீதியாகாது. உமர் (ரலி) காலத்தில் ரோமரிடம் சிறைப்பட்டபோது, மார்க்கத்தை விடுமாறு எவ்வளவு அச்சுறுத்தியும் அவர் அசையவில்லை. இறுதியில், தம் தலையை முத்தமிட்டால் விடுவிப்பதாக மன்னன் கூற, முஸ்லிம் கைதிகள் அனைவரையும் விடுவிப்பதானால் இசைவதாகச் சொல்லி, முத்தமிட்டு அவர்களை மீட்டு வந்தார். உமர் (ரலி) எழுந்து அவருடைய தலையை முத்தமிட்டார்கள். அதன்பின் தோழர்கள், ரோமனின் தலையை முத்தமிட்டவர் என்று அவரைக் கேலி செய்வதுண்டாம். அந்த ஒரு முத்தத்தால் எண்பது பேரை அல்லாஹ் விடுவித்தான் என்று அவரும் சளைக்காமல் விடை சொல்வார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.