கேமரா வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்

"டீச்சர், எந்த கேமரா வாங்கலாம்?" என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் படம் எடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில் இருப்பதால் வந்த வினை இது. கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், அது உங்களிடமிருந்து எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்பது தெரிந்துவிடும். லென்ஸ் தெரிந்தபின் கேமராவைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை. கடையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கேமரா உடலுக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, கூடவே வந்த லென்ஸோடு வீடு திரும்புகிறோம்.

முதலில் கைபேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகை, மாணவர் செய்த மாதிரிகள், பதிவேட்டுப் பக்கம், பகல் வெளிச்சத்தில் மரம் நடும் நிகழ்ச்சி ஆகியவற்றுக்குக் கையில் இருக்கும் கைபேசியே போதும். அதற்காகத் தனி கேமரா வாங்க வேண்டாம். கைபேசி திணறும் இடங்கள் மூன்று: தொலைவில் இருப்பது, மங்கலான வெளிச்சத்தில் அசைவது, மிகச் சிறியது. இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு அடிக்கடி தேவைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு ஒளியியலும் வடிவொத்த முக்கோணங்களும் இங்கே ஒன்றுசேர்கின்றன. பொருள் தொலைவில் இருக்கும்போது அதன் பிம்பம் ஏறக்குறைய குவியத் தொலைவிலேயே விழும். ஆகவே சென்சாரின் அகலத்துக்கும் குவியத் தொலைவுக்கும் உள்ள விகிதமே, படத்தில் அடங்கும் காட்சியின் அகலத்துக்கும் பொருளின் தூரத்துக்கும் உள்ள விகிதம். நம்மைப் போன்றோர் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம் உடையது. ஏபிஎஸ்-சி என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். ஃபுல் ஃபிரேம் எனப்படும் விலை கூடிய வகையில் இது 36 மி.மீ.

கேமராவோடு வரும் லென்ஸ் பெரும்பாலும் 18-55 மி.மீ. இதை 18-இல் வைத்து 10 மீட்டர் தொலைவில் பார்த்தால் சுமார் 13 மீட்டர் அகலம் அடங்கும். 55-இல் வைத்தால் 4.3 மீட்டர்தான். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அளவு நாடாவைப் பிடித்து விளையாட்டுத் திடலில் இதைச் சரிபார்த்தார்கள். இரண்டு பேர் படத்தின் இரு ஓரங்களிலும் நிற்கும் வரை "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு" என்று கத்தி, இடைவெளியை அளந்தார்கள். கணக்குக்கும் அளவுக்கும் ஒரு முழம்கூட வேறுபாடு வரவில்லை. வடிவொத்த முக்கோணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

எங்கள் பகுதியில் கோடியக்கரை இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அவை நாம் அருகில் போகும்வரை நிற்பதில்லை, 60 மீட்டர் தொலைவில் நின்றால் அதுவே அதிர்ஷ்டம். 55 மி.மீ. லென்ஸில் 60 மீட்டர் தூரத்துக் காட்சியின் உயரம் சுமார் 17 மீட்டர். அதில் 1.3 மீட்டர் உயரப் பூநாரை பதின்மூன்றில் ஒரு பங்கு. படத்தில் ஏதோ வெள்ளையாய் நிற்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதே இடத்தில் 300 மி.மீ. லென்ஸ் என்றால் காட்சியின் உயரம் 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும், பறவை படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். அலகின் வளைவும் காலின் நிறமும் தெரியும். பறவைக்கு ஆசைப்படுபவர்கள் 70-300 அல்லது 55-250 வகை லென்ஸுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். கேமரா உடல் ஐந்தாறு ஆண்டுகள் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

வெளிச்சம் குறைந்த இடங்கள்

பள்ளி ஆண்டு விழா என்றாலே மாலை ஆறரை மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். மேடையில் இரண்டு விளக்குகள், ஆடும் பிள்ளைகள். இங்கே குவியத் தொலைவைவிட லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது முக்கியம். இதைக் குறிப்பதுதான் எஃப் எண். எண் சிறியதானால் திறப்பு பெரிது. 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் பெரும்பாலும் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள், 9.7 வரும். அதாவது 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர் 1/125 நொடியில் மூடிவிடலாம். சுழலும் பாவாடை புகைபோல ஆகாமல் பாவாடையாகவே பதியும்.

ஜூம் இல்லாத இந்தச் சின்ன லென்ஸ், புதிய லென்ஸ்களில் மிகவும் மலிவான வரிசையைச் சேர்ந்தது. இரண்டாவது லென்ஸ் ஒன்று வாங்குவதானால் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதையே. முன்னே பின்னே நடந்துதான் காட்சியை அமைக்க வேண்டும், அது கண்ணுக்கும் நல்ல பயிற்சி. வகுப்பறைக்குள் 50 சற்று நெருக்கமாகத் தோன்றும், 35 மி.மீ. எஃப் 1.8 அங்கே வசதி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டரில் படம் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்தான். முன்வரிசைப் பிள்ளை தெளிவாகவும் பின்வரிசைப் பிள்ளை மங்கலாகவும் இருக்கும். குழுப்படத்துக்கு எஃப் 5.6 அல்லது 8-க்குப் போய்விடுங்கள், அதையும் பகலில் வராந்தா நிழலில் எடுங்கள்.

சிறியவற்றுக்கு, அதாவது எறும்பு, பூவின் மகரந்தத் தாள், வண்ணத்துப்பூச்சியின் முட்டை போன்றவற்றுக்கு, மேக்ரோ லென்ஸ் சிறந்தது, விலையும் அதற்கேற்றபடி. செலவைக் குறைக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் பொருத்தும் நீட்டிப்புக் குழாய்கள் கிடைக்கின்றன. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் இடைவெளிதான். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்தால் அருகிலுள்ள பொருளின் பிம்பம் தெளிவாக விழும் என்பதை ஒளியியல் சோதனையில் நாமே காட்டுகிறோமே!

மெகாபிக்சல் மயக்கம்

24 மெகாபிக்சலா, 45 மெகாபிக்சலா என்ற பேச்சில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முழு எச்டி திரையில் இருப்பது 1920-க்கு 1080, அதாவது சுமார் 21 லட்சம் புள்ளிகள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 87 லட்சம் போதும். 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 22 லட்சம்கூட வேண்டாம்.

இந்தக் கடைசி அளவை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தபோது கூரைகளோடு போனவற்றில் புகைப்படங்களும் உண்டு. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆல்பத்தைப் பிரிக்கத் தெரியாமல் பள்ளிக்கே எடுத்து வந்த ஒரு தாய், "இதுல எங்க மாமியார் மட்டுந்தான் டீச்சர் வேணும்" என்றார். அதைப் பிரிக்க முடியவில்லை. அந்த அம்மாள் முந்தைய ஆண்டு விழாவுக்குப் பேத்தியோடு வந்திருந்தார், பழைய கேமராவில் 50 மி.மீ. லென்ஸில் எடுத்த படம் என்னிடம் இருந்தது. அச்சிட்டுக் கொடுத்தேன். அதன்பின் ஆண்டுதோறும் பெற்றோரிடம் கேட்டு, விரும்புகிற குடும்பங்களுக்கு ஒரு படமாவது எடுத்து அச்சாகவே கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எந்தக் குழுவிலும் பகிர்வதில்லை. கோப்புகளை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறேன்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. 2018-இல் நிக்கானும் கேனனும் முழுச் சென்சார் மிரர்லெஸ் கேமராக்களோடு புதிய லென்ஸ் பொருத்திகளைக் கொண்டுவந்தன. அதன்பின் பலர் தம் டிஎஸ்எல்ஆர்களை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். கேனனின் இஎஃப் லென்ஸ்கள் 1987 முதலும், நிக்கானின் எஃப் பொருத்தி 1959 முதலும் உள்ளவை. ஆகவே சந்தையில் பழைய லென்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. நிக்கானில் ஒரு எச்சரிக்கை: டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களின் உடலில் குவிய மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை அவற்றில் கையால்தான் குவிக்க வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவும் லென்ஸும் வெவ்வேறு பொருத்தி வகை என்றால் ஒன்றோடொன்று நேரடியாகப் பொருந்தாது என்பதையும் வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய லென்ஸை வாங்கும்போது கைபேசி விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை நூல்போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும்.

பூஞ்சை நம் கடலோரப் பகுதிகளில் தானாகவே வரும். தோல் பையிலும் மர பீரோவிலும் வைத்தால் சீக்கிரம் வரும். விலை உயர்ந்த உலர் பெட்டி தேவையில்லை. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நீல மணிகள் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு நஞ்சு என்பதால் சமையல் அடுப்பில் சூடாக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் படவும் வேண்டாம். நிறம் மாறிய பையை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு மாதம் ஒரு பை செலவாகிறது.