சரிவில் கார் நிறுத்த ‘பீ’ மட்டும் போதாது

டிசம்பர் மாத உந்துவப் போயாவுடன் தொடங்கும் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், மே மாத வெசாக் போயா வரை நீடிக்கும். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணி நோக்கி வாகனங்கள் வரிசைகட்டும். யாழ்ப்பாணம், வன்னியிலிருந்து குடும்பமாக வருபவர்களும் அந்த வரிசையில் இருப்பார்கள்.

வடக்கு சமதரை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையும் சரி, இன்று ஹைபிரிட் ஓட்டும் பிள்ளைகளும் சரி, மேட்டில் நிறுத்திப் பழகியவர்கள் அல்லர். ஊரில் கியரை ‘பீ’யில் போட்டுவிட்டு இறங்கினால் ஒன்றும் ஆகாது. மலையில் அதே பழக்கம் ஆபத்து.

ஏன்? ‘பீ’யில் போடும்போது கியர் பெட்டிக்குள் ஒரு சிறிய இரும்புக் கொக்கி பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து, அது சுழலாமல் தடுக்கிறது. அது பிரேக் அல்ல. சரிவில் ஹான்ட் பிரேக் போடாமல் காலை எடுத்தால் காரின் பாரம் முழுவதும் அந்தக் கொக்கியில்தான் தொங்கும். மீண்டும் புறப்படும்போது கியர் இறுகி, ‘டக்’ என்ற சத்தத்துடன் விடுபடுவது அதனால்தான். நிறுத்திய காரை இன்னொரு வாகனம் இடித்தால் கொக்கி உடையவும் கூடும்.

சரியான முறை இது:

1. கால் பிரேக்கை மிதித்துக் காரை முழுமையாக நிறுத்துங்கள்.
2. காலை எடுக்காமல் கியரை ‘என்’ நிலைக்கு மாற்றி, ஹான்ட் பிரேக்கை இறுக்குங்கள். சில கார்களில் இதற்குப் பொத்தான் இருக்கும்.
3. கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். பாரம் ஹான்ட் பிரேக்கில் இறங்கும். கார் நகர்ந்தால் உடனே மிதியுங்கள்.
4. மீண்டும் பிரேக்கை மிதித்து ‘பீ’யில் போட்டு, அதன்பின் காரை நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள்.
5. கார் உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்மேட்டில் முட்டும்படி முன்சில்லுகளைத் திருப்பி விடுங்கள்.

சில்லுக்குக் கல் வைப்பதும் நல்லதே. புறப்படும்போது அந்தக் கல்லை வீதியில் விட்டுச் செல்லாதீர்கள்.

கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை சொல்வதை நம்பாமல் திரையில் பாருங்கள். 2016 ஜூனில் ஹொலிவூட் நடிகர் அன்ரன் யெல்சின், லொஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் நின்ற ஜீப் உருண்டு வந்து நசுக்கியதில் உயிரிழந்தார். அந்த வகை ஜீப்பின் கியர் பிடி, எந்த நிலைக்கு மாற்றினாலும் நடுவுக்கே திரும்பிவிடும். ‘பீ’யில் இருப்பதாக நினைத்துச் சாரதிகள் இறங்கிவிடுகிறார்கள் என்று, அதற்கு இரு மாதங்கள் முன்னரே 11 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களை நிறுவனம் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்திருந்தது.

ஹைபிரிட் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நின்றதும் இயந்திரச் சத்தம் அடங்கிவிடும். ஆனால் கார் நிற்கவில்லை. திரையில் ‘ரெடி’ என்ற எழுத்து எரிந்தால் அது இன்னும் இயங்குகிறது. ‘பீ’யில் போடாமல் பொத்தானை அழுத்தினால் பல கார்கள் முழுமையாக அணையாமல் பற்றரியைத் தின்றுகொண்டிருக்கும்.

நள்ளிரவில் குடும்பம் மலையேற, சாரதி குளிருக்குக் கண்ணாடியை மூடி ஹீற்றரைப் போட்டு உறங்குவதும் நடக்கும். ‘ரெடி’யில் உள்ள ஹைபிரிட்டில் பற்றரி குறைந்ததும் இயந்திரம் தானாகவே இயங்கத் தொடங்கும். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது உள்ளே புகுந்தால் உறக்கத்திலேயே உயிர் போகும். காரை அணைத்துவிட்டுப் போர்வையோடு உறங்கச் சொல்லுங்கள்.