தாகத்தை வெச்சு ஒரு பொறி!

தசரதனுக்கு ஏன் புத்திர சோக சாபம் வந்துச்சு? உங்க பாட்டிகிட்ட கேளுங்க... கதையே சொல்லிடுவாங்க! ராத்திரி நேரம். சரயு நதிக்கரை. தண்ணி குடிக்க வர்ற மிருகத்துக்காக வில்லோட காத்திருந்தார். குடம் நிரம்புற சத்தத்தை யானைன்னு நெனச்சு அம்பை விட்டார். செத்தது, கண் தெரியாத அப்பா அம்மாவுக்குத் தண்ணி எடுக்க வந்த பையன்!

அந்த வேட்டை டெக்னிக்தான் இன்னைக்கு நம்ம மேட்டர். காடு முழுக்கத் துரத்த வேணாம். தண்ணிகிட்ட உட்கார்ந்தா போதும், மிருகமே தேடி வரும்.

தண்ணி இல்லாத இடத்துல? நாமே வெச்சுட்டா போச்சு! அமெரிக்காவின் வறண்ட பகுதிகள்ல மான் வேட்டைக்காரங்க செய்றது இதைத்தான். தரையில ஒரு தொட்டியைப் புதைச்சு நிரப்புறாங்க. பக்கத்துல பரண். மான் எப்போ வருதுன்னு பார்க்க கேமரா. லைசென்ஸ் இருந்தா அங்கே மான் வேட்டை குற்றமில்ல. ஆனாலும், 'இது வேட்டையா, ஏமாத்து வேலையா?'ன்னு அங்கேயே சண்டை. அரிசோனா மாநிலத்துல 2022 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராவைப் பயன்படுத்தத் தடை!

நம்ம நாட்டுக் கதை வேற. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972-ல இங்கேயும் லைசென்ஸ் வேட்டை இருந்துச்சு. அப்பவே ஒரு கண்டிஷன்... மிருகம் தண்ணி குடிக்கிற இடம், உப்பு நக்க வர்ற இடம், அதுக்குப் போற வழி, இங்கெல்லாம் வேட்டையாடக் கூடாது. நீர்ப்பறவை மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டைக்கே மூடுவிழா நடத்திடுச்சு.

'நான் சுடவே இல்லையே, தண்ணிதானே வெச்சேன்?'னு கேட்டா? சட்டத்துல 'வேட்டை'ன்னா கொல்றது மட்டுமில்ல பாஸ். விஷம் வைக்கிறது, கண்ணி போடுறது, இரை காட்டி இழுக்கிறது, அதுக்கு முயற்சி பண்றது... எல்லாமே வேட்டைதான். புள்ளிமான்னா 3 வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். வெளிமான்னா 3 முதல் 7 வருஷம் உள்ளே! பாண்டிக்கும் இதே சட்டம்தான்.

அப்போ தொட்டியே தப்பா? இல்லவே இல்ல. முதுமலை, சத்தியமங்கலம், கிண்டின்னு கோடை வந்தா வனத்துறையே தொட்டிகள்ல தண்ணி நிரப்புது. சில காடுகள்ல சோலார் பம்பு வேற. தண்ணி காட்டுக்குள்ளேயே கிடைச்சா, மான் ரோட்டுக்கும் ஊருக்கும் வராது. அதுதான் ஐடியா.

இடம் மாறினா எல்லாமே மாறிடும். வார லீவுல பைக் எடுத்துட்டு செஞ்சி, திருவண்ணாமலைன்னு கிளம்புற நம்ம பாண்டி பசங்க கவனிக்க வேண்டியது இங்கேதான். பாவம்னு காட்டோர ரோட்டுல ஒரு டப்புல தண்ணி வெச்சா, மான் அங்கேதான் வரும். அங்கேயே லாரியும் வரும், தெருநாயும் வரும், கண்ணி வைக்கிறவனும் வருவான். ஒரு தடவை பழகிட்டா, மானுக்கு அந்த டப்புதான் அட்ரஸ்!

உதவி பண்ணணும்னு தோணினா அந்தப் பகுதி ரேஞ்சர் ஆபீஸ்ல கேளுங்க. எந்தத் தொட்டி எங்கே இருக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். காட்டு வழியில ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துல புதுசா ஒரு தொட்டி, மேலே ஒரு பரண் கண்ணுல பட்டா... செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. உடனே ரேஞ்சருக்குப் போன் போடுங்க!