மும்பைத் தமிழ் வகுப்பில் எண்ணும் எழுத்தும்

வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர், குழந்தைக்குப் பள்ளிப் பருவம் வந்தவுடன் ஒரு கேள்வியை எதிர்நோக்குகின்றனர். குழந்தையை எந்த மொழியின் வகுப்பில் அமர்த்துவது என்பதே அது. தாய்மொழிப் பற்றின் பேரால் இதற்கு விடை கூறுவோர் உளர். பிழைப்பின் பேரால் விடை கூறுவோரும் உளர். இரு சாராரும் வகுப்பறையின் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றனர் என்பது நம் கருத்து. உள்ளே ஆறு வயதுக் குழந்தை என்ன செய்கிறது, எதை எளிதில் கற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைச் சற்று அருகிருந்து நோக்கிய பின்னர் விடை கூறுவதே தகும். அதற்கு மும்பையைவிட ஏற்ற இடம் வேறில்லை.

பிருஹன்மும்பை மாநகராட்சி தொடக்கக் கல்வியை எட்டு மொழிகளில் அளித்து வருகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழும் அவற்றுள் ஒன்று. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் நிறைந்த தாராவியில், 1924ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பள்ளி தோன்றிவிட்டது. அலுவலக வேலைக்காக வந்து மாட்டுங்காவில் குடியேறியோர் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். செம்பூர்ப் பகுதியின் தமிழ்க் குடியிருப்புகள் பெரும்பாலும் பிற்காலத்தன. மூன்று இடத்துத் தமிழரும் ஒரே வகையினர் அல்லர். அவர்தம் குழந்தைகள் சென்ற பள்ளிகளும் ஒரே வகையின அல்ல. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, ஏழை எளியோரின் பிள்ளைகள் பயிலும் மாநகராட்சித் தமிழ் வகுப்பையே.

காலை வணக்கக் கூட்டத்தில் நாட்டுப்பண் ஒலிக்கிறது, உறுதிமொழி கூறப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் மாநிலப் பாடலாக ஏற்கப்பட்ட மராத்திப் பாடலும் பாடப்படுகிறது. வரிசை கலைந்து வகுப்பிற்குள் நுழைந்ததும் பேச்சு தமிழாக மாறுகிறது. ஆனால் எந்தத் தமிழ்? வெங்காயத்தைக் ‘காந்தா’ என்றும், உருளைக்கிழங்கைப் ‘படாட்டா’ என்றும், ஜன்னலைக் ‘கிட்கி’ என்றும் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இதனைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியோர் பலர். நாம் சுளிக்கமாட்டோம். நல்ல ஆசிரியர் அச்சொல்லைத் தடுப்பதில்லை. கரும்பலகையில் அதனை எழுதி, அருகில் ‘வெங்காயம்’ என்றும் எழுதுகிறார். இரண்டு பெயரும் ஒரே பொருளைக் குறிப்பன என்று அறிந்த குழந்தை, மொழி என்பது என்ன என்பதைப் பற்றிய முதற்பாடத்தைக் கற்றுவிடுகிறது.

எழுத்தறிவைப் பொறுத்தவரை தமிழ் வகுப்பிற்கு ஒரு நற்பேறு உண்டு. எழுத்துகள் 247 என்று கேட்டுப் பெற்றோர் மலைப்பர். உண்மையில் குழந்தை மனத்திற் பதிக்கவேண்டியவை உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், ஆய்தமும், சில குறியீடுகளுமே. எஞ்சியவை அவற்றின் சேர்க்கை. நேர்கோடுகளாலாகிய ‘ட’, ‘ப’ ஆகிய எழுத்துகளையும், சிறு வளைவுள்ள ‘ம’வையும் முதலில் காட்டும் ஆசிரியர் உண்டு. இம்மூன்றும் புள்ளியும் கைவந்தவுடன் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று குழந்தை படிக்கத் தொடங்குகிறது. பட்டம் என்றால் என்ன என்று எவரும் விளக்கவேண்டியதில்லை. முந்திய நாள் மாலை அதனைப் பறக்கவிட்டு வந்த பிள்ளை அது. ஒலியைக் கூட்டியவுடன் பொருள் தானே வந்து நிற்கிறது. அறியாத மொழியில் எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு இவ்வின்பம் வாய்ப்பதில்லை. எழுத்தைக் கூட்டி ஒலியை எழுப்பிய பின்னும், அவ்வொலி எதனைக் குறிக்கிறது என்று அது ஆசிரியரின் முகத்தை நோக்கவேண்டியிருக்கிறது.

ஆயினும், தமிழ்வழிக் கல்வியின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படுவது மொழிப் பாடத்தில் அன்று, கணக்குப் பாடத்தில். இது பலருக்கு வியப்பளிக்கலாம். எண்ணுக்கு மொழி ஏது என்று கேட்போரும் உளர்.

25 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். தாராவிக் குழந்தை இதனை வீட்டில் ‘இருபத்தைந்து’ என்றும், கடையில் மராத்தியில் ‘பஞ்ச்வீஸ்’ என்றும், தெருவில் இந்தியில் ‘பச்சீஸ்’ என்றும், தொலைக்காட்சியில் ஆங்கிலத்தில் ‘ட்வென்டி ஃபைவ்’ என்றும் கேட்கிறது. தமிழ்ப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: முதலில் இருபது, பின்னர் ஐந்து. எழுதும்போதும் முதலில் 2, பின்னர் 5. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே. மராத்தியிலோ ஐந்து முந்தி வருகிறது. இருபது பின்னே வருகிறது. கேட்ட வரிசையிலேயே எழுதப் புகும் குழந்தை 52 என்று எழுதிவிடும். அது குழந்தையின் மந்தம் அன்று. பெயரின் அமைப்பு அப்படி. ஜெர்மன் மொழியிலும் இவ்வாறே ஒன்றின் இலக்கம் முந்தி வருவதால், அந்நாட்டுக் குழந்தைகளும் இதே தடுமாற்றத்திற்கு ஆளாகின்றனர்.

இன்னும் ஒன்று. மராத்தியில் 29க்குப் பெயர் ‘ஏகோண்தீஸ்’. ஒன்று குறைந்த முப்பது என்பது அதன் பொருள். வடமொழிவழி வந்த அழகிய அமைப்புத்தான். ஆனால் எழுதவேண்டியது 2. காதில் விழுவதோ முப்பது. 39, 49, 59 ஆகியவற்றின் கதையும் இதுவே. இந்தியிலும் மராத்தியிலும் ஒன்று முதல் நூறு வரையுள்ள பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாகவே மனப்பாடம் செய்தாகவேண்டும். தமிழிலோ பத்து வரையுள்ள பெயர்களையும், பத்துகளின் பெயர்களையும் அறிந்த குழந்தை, மற்றவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். பதினொன்றைப் ‘பத்து ஒன்று’ என்றே கூறும் சீன மொழியில் வளரும் குழந்தைகள், பத்துக்கு மேல் எண்ணுவதை ஆங்கிலக் குழந்தைகளைவிட விரைவில் கற்கின்றனர் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தமிழும் இவ்வகையில் சீனத்தின் பக்கமே நிற்கிறது.

வகுப்பில் இது எவ்வாறு நடைபெறுகிறது? ஈர்க்குச்சிகளை ஆசிரியர் கொண்டுவரச் சொல்கிறார். பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் வளையமிட்டுக் கட்டுகளாக்குகின்றனர். இரண்டு கட்டும் ஐந்து தனிக்குச்சியும் பலகையில் வைக்கப்படுகின்றன. “எத்தனை?” என்றால், “இருபத்தைந்து” என்று விடை வருகிறது. கண் காண்பதையே வாய் சொல்கிறது. வாய் சொல்வதையே கை எழுதுகிறது. இடமதிப்பு என்று பின்னர்ப் பெயர் சூட்டப்படும் கருத்து, பெயர் அறியுமுன்னரே கைக்கு வந்துவிடுகிறது. ஈர்க்கு கிடைக்காத நகரத்தில் ஐஸ் குச்சியும் தீக்குச்சியும் அதே பணியைச் செய்கின்றன. புளியங்கொட்டை எண்ணுவதற்கு நன்று, கட்டுவதற்கு உதவாது.

தமிழ் எண்பெயர்களில் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. எண்பத்தொன்பதுக்குப் பின் ஒரு பள்ளம் இருக்கிறது. தொண்ணூறு என்னும் பெயருக்குள் நூறு ஒளிந்திருக்கிறது. தொள்ளாயிரம் என்பதற்குள் ஆயிரம் இருக்கிறது. இதனால் 90ஐ எழுதச் சொன்னால் 900 என்று எழுதும் குழந்தையை எல்லாத் தமிழ் வகுப்பிலும் காணலாம். ஒன்பதைக் குறிக்கத் ‘தொண்டு’ என்றொரு சொல் தொல்காப்பியத்தில் வழங்குகிறது. அச்சொல் மறைய, அதன் சாயல் இப்பெயர்களில் தங்கிவிட்டது. இலக்கணக் காரணத்தை இரண்டாம் வகுப்பிற்குச் சொல்லிப் பயனில்லை. ஒன்பது கட்டுகளை வைத்து, “நூறாவதற்கு இன்னும் எத்தனைக் கட்டு வேண்டும்?” என்று கேட்டால் போதும். ஒரு கட்டுக் குறைந்த நூறு என்று கண்ட குழந்தை மீண்டும் தவறுவது அரிது.

இவ்வுண்மையை மராத்தி அறிஞர்களே உணர்ந்ததற்கு ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டில் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில், 21ஐ ‘ஏக்வீஸ்’ என்பதுடன் ‘வீஸ் ஏக்’ என்றும், அதாவது இருபது ஒன்று என்றும், படிக்கும் முறை சேர்க்கப்பட்டது. அம்மாற்றத்திற்காக வாதாடியவர் கணித அறிஞர் மங்களா நார்லிகர் (1943–2023). தென்னிந்திய மொழிகளில் எண்கள் இவ்வாறே சொல்லப்படுகின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சட்டமன்றம் வரை எதிர்ப்பு எழுந்தது. மொழியைச் சிதைக்கிறார்கள் என்றனர் சிலர். வழக்கிலுள்ள சொல்லின் மீது மக்களுக்குள்ள பற்று எளிதில் தள்ளக்கூடியது அன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது நன்கு தெரியும். எனினும், மராத்திக் குழந்தைக்கு அரிதின் முயன்று அளிக்க விரும்பிய வசதி, தமிழ்க் குழந்தைக்குத் தாய்மடியிலேயே கிடைத்திருக்கிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கடைத்தெருக் கணக்கு வேறு. அங்கே 150 ரூபாய் ‘தீட்ஷே’. 250 ரூபாய் ‘அடீச்ஷே’. ஒன்றரை நூறு, இரண்டரை நூறு என்பன அவற்றின் பொருள். இவற்றையும் மும்பைக் குழந்தை அறிந்தே தீரவேண்டும். சில்லறை வாங்கிவர அனுப்பப்படுவது பெரும்பாலும் அதுதான். தமிழில் அடித்தளம் உறுதிப்பட்ட பின் இப்பெயர்கள் தனிச்சொற்களாக வந்து சேருகின்றன, அடித்தளத்தைக் கலைப்பதில்லை.

அடுத்த பாடவேளை மராத்தி. 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். இதனைச் சுமையெனக் கருதும் தமிழ்ப் பெற்றோர் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் உட்படுத்தினால் நாம், விலக்கினால் நாங்கள். இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை; இந்தியிலும் இல்லை. மராத்தியில் இருக்கிறது: நாம் என்பதற்கு ‘ஆப்பண்’, நாங்கள் என்பதற்கு ‘ஆம்ஹி’. ஆங்கிலம் அறிந்த பெரியவர் பயின்று பிடிக்கவேண்டிய இந்நுட்பத்தைத் தமிழ்ச் சிறுமி ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறாள். இந்தி பேசுவோர் நா தடுமாறும் ளகரமும் அவளுக்குப் பழகிய ஒலியே. ‘சாள்’ என்று மராத்தியர் சொல்லும் குடியிருப்பில்தானே அவளில் பலர் வசிக்கின்றனர்! மாறாக, ‘க’ என்னும் ஓரெழுத்தால் பல ஒலிகளைக் குறித்துப் பழகியவளுக்கு, தேவநாகரியின் நான்கு ககரங்கள் தொல்லை தருகின்றன. நாற்காலி பெண்பால் என்பது அதனினும் பெருந்தொல்லை.

பாடநூலோ மகாராஷ்டிர நிலத்தைப் பற்றியது. சஹ்யாத்திரி மலை என்று படிக்கும் குழந்தைக்கு, ஊரில் பாட்டி வீட்டிலிருந்து பார்த்த பொதிகை மலையும் அத்தொடரின் தென்பகுதியே என்று சொன்னால் அதன் கண்கள் விரிகின்றன. நான்காம் வகுப்பில் சத்ரபதி சிவாஜியின் வரலாறு வருகிறது. 1677இல் அவர் செஞ்சியைக் கைக்கொண்டதையும், தஞ்சையில் அவருடைய தம்பி ஏகோஜியின் மரபினர் ஆண்டதையும் தமிழாசிரியர் சேர்த்துச் சொல்வாராயின், வரைபடத்தின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

இத்தனை நன்மைகள் இருந்தும் தமிழ் வகுப்புகளிலிருந்து பெற்றோர் விலகுவதேன்? ஆங்கிலம் தராமற்போவதாலன்று, மகாராஷ்டிரத்தில் 2000ஆம் ஆண்டு முதல் எல்லா மொழிவழி வகுப்புகளிலும் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்குகிறது. மேல்வகுப்பைப் பற்றிய அச்சமே மெய்யான காரணம். தமிழில் தொடங்கிய பிள்ளை என்றேனும் வேறு மொழிக்கு மாறியாகவேண்டும். அம்மாற்றம் எட்டாம் வகுப்பிலோ கல்லூரி வாயிலிலோ திடீரென வந்தால் துன்பம் நேரும். இவ்வச்சத்தைப் பற்றின்மை என்று ஏசுவது அநீதி. முதல் வகுப்பிலேயே ஆங்கில வாசிப்பை உறுதியாகத் தொடங்கி, நான்காம் வகுப்பளவில் கணக்குச் சொற்களை இருமொழியிலும் அறியச் செய்யும் பள்ளிதான் அதற்கு விடையளிக்க முடியும். அவ்வாறு செய்யாத பள்ளியிலிருந்து பிள்ளையை மாற்றும் தாயை நாம் குறை கூறோம்.

வகுப்பு நிலைப்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு ஒரு நெறியை வகுத்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேரோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ வேறு தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்பது அது. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்கும் 350-ஏ பிரிவை அரசியலமைப்பில் சேர்த்தது. ஆகவே போபாலிலோ சூரத்திலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழரும் இதனை அறிந்திருத்தல் நலம். பிள்ளை எம்மொழி வகுப்பில் சேர்ந்தாலும், சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழிக்குரிய கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதப்பட்டிருக்கிறதா எனப் பெற்றோர் பார்த்துக்கொள்ளவேண்டும். பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு அப்பதிவேடே கையில் இருக்கும் சான்று.