பழைய போர்த்துப்பாக்கியும் இல்லப் பாதுகாப்பும்

ஒரு கருவியின் சிறப்பு அக்கருவியில் மட்டும் அடங்குவதன்று. அஃது எத்தொழிலுக்கென ஆக்கப்பட்டதோ அத்தொழிலும், அதனைக் கையாளும் பயிற்சியும், பழுது நேரின் திருத்துவோனும், வேண்டிய துணைப்பொருள்களும் ஒருங்கு கூடும்போதே அது சிறப்புறுகின்றது. இவ்வுண்மை உழவனின் கலப்பைக்கும் பொருந்தும். போர்வீரனின் துப்பாக்கிக்கும் பொருந்தும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உலகப் போர்கள் இரண்டிலும் பயன்பட்ட துப்பாக்கிகள் மிகப் பல இன்றும் குடிமக்களின் இல்லங்களில் உள்ளன. அவற்றை வைத்திருப்போருள் சிலர் பழம்பொருளாக மட்டும் பேணுகின்றனர். வேறு சிலரோ, நள்ளிரவில் கள்வன் கதவை உடைப்பின் அதுவே தம் குடும்பத்துக்குக் காவலாகும் என நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணை உறுதியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இத்துப்பாக்கிகள் இல்லங்களை வந்தடைந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஐரோப்பிய அரசுகள் தமக்கு வேண்டாத றைபிள்களை வணிகருக்கு விற்றன. அவை அமெரிக்காவிற் குவிந்து மிக மலிவாக விலைப்பட்டன. அஞ்சல் வழியாகவும் வாங்கக் கிடைத்தன. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி சனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது, 1940இல் இத்தாலியிற் செய்யப்பட்ட கார்கானோ எனும் அத்தகைய பழைய இராணுவ றைபிளேயாம். தொலைநோக்குக் கண்ணாடியுடன் அதன் விலை 19.95 டொலர் மட்டுமே. அக்கொலையும் அதனையடுத்து நிகழ்ந்த கொலைகளும் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு வித்திட்டன. அச்சட்டம் அஞ்சல் வழி விற்பனையை ஒடுக்கியதோடு, அந்நிய இராணுவங்களின் எச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1984இல் பழம்பொருள் எனும் வகையினவற்றுக்கு இவ்விறக்குமதித் தடை தளர்த்தப்பட்டது. ரூசியாவின் மொசின்-நாகண்ட் றைபிள்கள் பெருந்தொகையாக வந்து, நூறு டொலருக்குங் குறைவாக விற்கப்பட்ட காலமும் உண்டு. அமெரிக்கப் படையின் கராண்ட் றைபிள்களை, 1996இல் அரசிலிருந்து பிரித்துத் தனியமைப்பாக்கப்பட்ட குடிமக்கள் குறிபார்த்தல் நிறுவனம் விற்று வருகின்றது. 2008ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி அந்நாட்டு உயர்நீதிமன்றம், இல்லத்தில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருத்தல் குடிமகனின் உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஆயின், உரிமை வேறு, தகுதி வேறு. நாம் ஈண்டு ஆராய்வது தகுதியையே.

இத்துப்பாக்கிகளின் மீது நம்பிக்கை கொண்டோர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. சேற்றிலும் பனியிலும் மணலிலும் இயங்கி இலட்சக்கணக்கான வீரரின் உயிர்காத்தவை இவை என்பர். அது மெய்யே. ஜோன் கராண்ட் என்பார் வகுத்து 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற றைபிள், எட்டுத் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து சுடவல்லது. 1941இல் ஏற்கப்பட்ட எம்-1 காபைன் இன்னும் இலேசானது; ஏறத்தாழ 5 1/4 இறாத்தல் நிறையே உடையது. பொறிவண்டி ஓட்டுவோர், பீரங்கி இயக்குவோர் முதலியோருக்கென ஆக்கப்பட்ட இது, அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. பழைய போர்த்துப்பாக்கிகளுள் இல்லத்துக்கு ஓரளவேனும் பொருந்துவது யாதெனின் இக்காபைனே எனலாம். ஆயினும், இதன் தோட்டாக்கூடுகள் நெடுநாள் உழைக்கவெனச் செய்யப்பட்டவையல்ல. பழுதுற்றால் எறிந்துவிட்டு வேறு பெறலாம் என்னும் கருத்துடன் செய்யப்பட்டவை. எண்பது ஆண்டு கடந்த கூட்டின் சுருள்வில் தளர்ந்திருப்பின், துப்பாக்கி இடைநடுவே இயங்காது நின்றுவிடும்.

இனி, குறைபாடுகளை நோக்குவோம். முதலாவது, வலுவும் தூரமும் பற்றியது. பிரித்தானியரின் லீ-என்பீல்ட் றைபிளின் குறிகாட்டி 200 யாரில் தொடங்கி 2,000 யார் வரை அளவு குறிக்கப்பட்டது. இல்லத்தின் நீண்ட நடையோ பத்து யாரைக் கடத்தல் அரிது. மொசின்-நாகண்ட் றைபிளின் நீளம் நான்கு அடிக்கு மேற்பட்டது. குறுகிய வாயில்களிலும் மாடிப்படிகளிலும் அதனைத் திருப்புதலே பெரும்பாடு. கராண்ட் றைபிளின் சன்னம் குழலைவிட்டு நீங்கும்போது கொண்டுள்ள ஆற்றல், சாதாரணக் கைத்துப்பாக்கிச் சன்னத்தின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்காகும். அமெரிக்க இல்லங்களின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் அரையங்குலத் தடிப்புள்ள சாந்துப் பலகை அறைந்தவை. கைத்துப்பாக்கிச் சன்னமும் அச்சுவரைத் துளைக்கும் என்பது உண்மையே. ஆயின், போர்றைபிளின் சன்னம் சுவர்கள் பலவற்றை ஊடுருவி, அடுத்த வீட்டையும் அடையவல்லது. கள்வனைத் தப்பிய சன்னம் அடுத்த அறையில் உறங்கும் குழந்தையை நாடிச் செல்லுமாயின், அதனைக் காவல் என்று எங்ஙனம் கூறுவது?

சன்னத்தின் அமைப்பும் இதற்கு உடந்தையாகின்றது. கல்கத்தாவை அடுத்த டம் டம் படைக்கலச் சாலையில், உடலிற் பட்டதும் நுனி விரியும் சன்னங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பட்டன. அவை விளைக்கும் காயத்தின் கொடுமை கருதி, 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் அத்தகைய சன்னங்களை விலக்கியது. ஆதலின், இராணுவத் தோட்டாக்களின் ஈயச் சன்னம் வன்மையான உலோக உறையால் முற்றும் மூடப்பட்டிருக்கும். அஃது எளிதில் விரியாது. ஆதலால் எளிதில் நில்லாது. போர்க்களத்தில் அறமெனக் கொள்ளப்பட்ட விதி, வீட்டினுள் அயலாருக்குத் தீங்காக முடிகின்றது. அன்றியும், மூடிய அறையுள் எழும் றைபிள் ஒலி 150 டெசிபலுக்கு மேற்பட்டது. 140 டெசிபல் அளவிலேயே செவிக்கு நிலையான ஊறு நேரக்கூடும் என்பது மருத்துவர் கருத்து.

இரண்டாவது குறைபாடு உலோகத்தின் வரலாறு பற்றியது. இதற்கு 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்ட் றைபிளின் கதை தக்க சான்று. 1917ஆம் ஆண்டளவில் இவ்வகை றைபிள்கள் சில, சுடும்போதே வெடித்துச் சிதறின. காரணத்தை ஆராய்ந்தபோது, உருக்கைக் காய்ச்சிய தொழிலாளர் வெப்பமானி கொண்டு அளவாது, காய்ந்த உருக்கின் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டமை புலனாயிற்று. வெயில் எறிக்கும் நாளில் உருக்கின் ஒளி மங்கித் தோன்றும்; மேகமூட்டமான நாளில் மிக்குத் தோன்றும். இதனால் மதிப்பீடு 300 பரனைற்றுப் பாகை வரை வேறுபட்டது. அளவுக்கு மிஞ்சிக் காய்ந்த உருக்கு, நொறுங்கும் இயல்பினதாயிற்று. பின்னர் முறை திருத்தப்பட்டது. எனினும், ஸ்பிரிங்பீல்ட் சாலையில் 800,000 என்னும் எண்ணுக்கும், றொக் ஐலன்ட் சாலையில் 285,507 என்னும் எண்ணுக்கும் முற்பட்ட றைபிள்கள் யாவும் அழிக்கப்படவில்லை. அவற்றுட் பல இன்றும் இல்லங்களில் உள்ளன. அவற்றைச் சுடலாகாது என்று மேற்கூறிய குறிபார்த்தல் நிறுவனமே எச்சரிக்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒருநாள் வானம் மேகமூடியிருந்ததோ இல்லையோ என்பதில் இன்றைய உரிமையாளனின் கண்ணும் கையும் தங்கியிருத்தல் எண்ணத்தக்கது.

பிற்காலத்து மாற்றங்களும் இடர் விளைப்பன. பிரித்தானியரின் வெப்ளி றிவோல்வர்கள் பல, அமெரிக்காவிற் கிடைக்கும் 0.45 அங்குலத் தோட்டாவை ஏற்கும்படி வணிகராற் சீவப்பட்டன. அத்தோட்டாவின் அமுக்கமோ அத்துப்பாக்கி தாங்கவென வகுக்கப்பட்ட அளவுக்கு மிஞ்சியது.

மூன்றாவது, தோட்டா பற்றியது. பழைய இராணுவத் தோட்டாக்களின் அடியிலுள்ள தீமூட்டு மருந்திற் பெரும்பாலும் பொட்டாசியங் குளோரேற்று சேர்ந்திருந்தது. சுட்டபின் அது பொட்டாசியங் குளோரைட்டாகிக் குழலினுள் எஞ்சும். இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் பூசுவதால் அது நீங்காது. நீரே அதனைக் கரைக்கும். இராணுவத்தில் இவ்வேலை விதியாக இருந்தது. இல்லத்தில் அறியாமையாற் கைவிடப்படுகின்றது. புதுத் தோட்டாவை இடுதலும் எப்போதும் தீர்வாகாது. கராண்ட் றைபிள் குறித்த ஓர் இராணுவத் தோட்டாவுக்கென அமைந்தது. வேட்டைக்கெனச் செய்யப்படும் வன்மை மிக்க தோட்டாக்களை இடின், அதன் பொறியை இயக்கும் கோல் வளைந்து கெடும்.

இவ்விடத்து ஒருவர் மறுத்துரைத்தல் கூடும்: “1940இல் பிரித்தானியா பழைய துப்பாக்கிகளைக் கொண்டன்றோ தன் இல்லங்களைக் காக்க எழுந்தது?” என்று. அவ்வாண்டு மே 14ஆந் திகதி அந்தனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பால் தோன்றிய ஊர்காவற் படைக்கு, முதலாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க றைபிள்கள் ஐந்து இலட்சம் அளவில் அனுப்பப்பட்டமை மெய்யே. அமெரிக்கக் குடிமக்கள் தம் சொந்தத் துப்பாக்கிகளையும் திரட்டி அனுப்பினர். ஆயின் நடந்ததை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வமெரிக்க றைபிள் ஏற்பது 0.30 அங்குலத் தோட்டா. பிரித்தானியப் படையின் தோட்டா 0.303 அங்குலம். ஒன்றுக்கு மற்றொன்றை இட்டுவிடாமல் இருக்க அமெரிக்க றைபிள்களிற் சிவப்பு வளையம் தீட்டப்பட்டது. பழைய போர்வீரர் பயிற்சி அளித்தனர். படைக்கலக் கம்மியர் பழுது பார்த்தனர். இத்துணை ஒழுங்கு அமையுமுன், அவ்வாண்டுக் கோடையில், சாலைத் தடைகளில் நில்லாது சென்ற வாகனம் ஓட்டிகள் சிலர் பகைவரல்லராயிருந்தும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எனவே பிரித்தானியாவின் அனுபவம் உணர்த்துவது பழந்துப்பாக்கியின் பெருமையை அன்று. அதற்குப் பின்னால் நின்ற அமைப்பின் இன்றியமையாமையையே. இல்லத் தலைவனுக்குச் சிவப்பு வளையம் தீட்டுவோரும் இல்லை, கட்டளையிடுவோரும் இல்லை.

எல்லாவற்றினும் மேலானது, துப்பாக்கி யாருக்கு ஊறு விளைக்கின்றது என்னும் வினா. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டினுள்ளேயே அத்துப்பாக்கியால் நிகழ்ந்த 398 சாவுகளைக் கெல்லர்மன், ரே என்னும் மருத்துவர் இருவர் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். அவற்றுள் 333 தற்கொலைகள். தற்காப்பிற் கொல்லப்பட்டோர் ஒன்பதின்மரே. கொல்லாது அச்சுறுத்தி விரட்டிய நிகழ்ச்சிகள் இக்கணக்கில் இடம்பெறவில்லை எனப் பிறர் காட்டிய குறை ஏற்கத்தக்கதே. எனினும், வீட்டிலுள்ள துப்பாக்கியின் முதல் இரை பெரும்பாலும் வீட்டாரே என்பது அந்த எண்களால் விளங்கும். சுவரில் அலங்காரமாகத் தொங்கும் பழைய றைபிள் பாதுகாப்புக்கெனத் தோட்டா இடப்பட்ட கணத்தில், அது பழம்பொருள் என்னும் நிலை நீங்கி, வீட்டிலுள்ள மனந்தளர்ந்தோருக்கும் சிறுவருக்கும் கைக்கெட்டும் தூரத்து இடராகின்றது.

திருவள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமும் படைக்கு வேறு இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். அவ்விரண்டும் வெவ்வேறு என்னும் தெளிவு இங்கும் வேண்டப்படுகின்றது. அரண் பகைவனைப் புறத்தே நிறுத்துவது. படை பகைவனை எதிர்சென்று அழிப்பது. இல்லத்துக்கு முதலில் வேண்டுவது அரணே. உறுதியான கதவும் பூட்டும், வாயிலில் விளக்கும், உள்ளிருந்து தாழிடத்தக்க ஓர் அறையும், காவற்படையை அழைக்கத் தொலைபேசியும், குரல் கேட்டதும் வரும் அயலாரும் அவ்வரணின் உறுப்புகள். இவற்றுள் எதுவும் தவறான ஆளைக் கொல்வதில்லை. இவற்றின் பின்னும் சட்டத்துக்கமையத் துப்பாக்கி வேண்டுமென ஒருவன் துணிவானாயின், அத்தேவைக்கென ஆக்கப்பட்டதும், தான் பயின்றதும், பூட்டி வைக்கப்படுவதுமாகிய ஒன்றை நாடுதலே அறிவுடைமை. பழைய போர்த்துப்பாக்கி பழிக்கத்தக்கதன்று. கைதேர்ந்த கம்மியனாற் சோதிக்கப்பட்டுக் குறிபார்க்கும் களத்திலும், தோட்டா நீக்கப்பட்டு அரும்பொருட் காட்சியிலும், அது தன் காலத்தின் தொழில்நுட்பத்தையும் துயரத்தையும் நமக்குக் கற்பிக்கும். அக்கல்வியே அதனிடமிருந்து இன்று நாம் பெறத்தக்க பயன். உறங்கும் குடும்பத்தின் காவலை அதனிடம் ஒப்படைத்தல், அது தன் பிறப்பில் ஒருபோதும் ஏற்றிராத பணியை அதன்மேற் சுமத்துதலாகும்.